மறுவாழ்வு மையத்தில் யார் யார், யாரிடம் என்ன கேட்பது: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

"எந்த சென்டர்ல சேர்த்தீங்க? எவ்வளவு கட்டினீங்க?" குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டவர்கள் நிறையப் பேர். அங்கே யார் வேலை செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. முதல் தடவை நானும் கேட்கவில்லை.

என் தம்பி லுங்கி நெய்கிறவன். குடியை நிறுத்த அவனை இரண்டு இடங்களில் சேர்த்தோம். முதல் இடத்தில் நல்ல கட்டடம், சுற்றி மரம், வாசலில் பெரிய போர்டு. மூன்றாவது வாரம் மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தான், அன்று சாயங்காலமே குடித்தான். இரண்டாவது முறை வேலூரில் ஒரு மருத்துவமனை வார்டு. கட்டில் பழசு, மின்விசிறி சத்தம் போடும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கும் அவன் நாடி பார்க்க ஒருவர் இருந்தார். அந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. முதல் தடவையாக வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால்

முதலில் அவருடைய உடம்பைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கை உதறுகிறதா? அந்த உதறலை நிறுத்தவே ஒரு கட்டிங் போடுகிறாரா? அப்படியென்றால் அவர் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு எதிர்க்கும். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் நடுவில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். சரியான நேரத்தில் பார்க்காவிட்டால் உயிரே போகும். "ரூமில் போட்டுப் பூட்டு, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஏற்கெனவே வலிப்பு வந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், கண் மஞ்சளாக இருப்பவர், உளறுபவர், இவர்களை எந்த மறுவாழ்வு மையத்துக்கும் நேராகக் கூட்டிப் போக வேண்டாம். 108-க்குப் போன் செய்து, அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கு நம் பக்கத்தில் வழிகள் உண்டு. திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்க வேண்டும் என்ற வழக்கத்தை இந்த நாட்டில் ஆரம்பத்திலேயே கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள் ஒரு வகை, தனியார் மையங்கள் இன்னொரு வகை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கே இருந்தாலும் முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்கிற இலவச மனநல எண் அது, தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய எண் 14446.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இதையெல்லாம் எழுதுங்கள்: எத்தனை வருடமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரை அல்லது பிரஷர் மாத்திரை உண்டா, கஞ்சா, ஹான்ஸ், தூக்க மாத்திரை, வலி மாத்திரை ஏதாவது பழக்கமா, எப்போதாவது சாகப் போகிறேன் என்று சொன்னாரா. கடைசிக் கேள்வியை எழுதக் கை வராது. எழுதிவிடுங்கள். அங்கே ஆளுக்கு ஆள் இதையேதான் கேட்பார்கள். பதற்றத்தில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்வோம், அதற்காகத்தான் நோட்டு.

வாசலில் முதலில் பேசுகிறவர்

சேர்க்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விவரம் எழுதுகிறவர் டாக்டர் என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் அவர் சமூகப் பணியாளராகவோ ஆலோசகராகவோ இருப்பார். நம் பேச்சில் சோஷியல் ஒர்க்கர், கவுன்சலர். நல்ல இடமாக இருந்தால் உங்களிடம் தனியாக, அவரிடம் தனியாக, பிறகு சேர்த்து வைத்து என மூன்று முறை பேசுவார்கள். "நேரம் ஆகிறதே" என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லாத ஒன்றை என் தம்பி அந்தத் தனிப் பேச்சில்தான் சொன்னான். தறி மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் பற்றி. அவன் குடிக்கு அதுவும் ஒரு வேர்.

அவர் உங்களிடம் கேட்டு முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டியது சில உண்டு. இங்கே மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருவார்? ராத்திரி டியூட்டியில் நர்ஸ் உண்டா? நடு ராத்திரியில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டு போவீர்கள்? நாங்கள் எப்போது பார்க்கலாம், அவர் எங்களுக்குப் போன் செய்யலாமா? மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்ட முடியுமா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அதனால் படுக்கையில் வைத்துப் பார்க்கும் மையங்களுக்குப் பதிவு கட்டாயம்.

நாங்கள் போன முதல் இடத்தில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. வண்டியோடு நான்கு பேர் வந்தார்கள், தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிப் போனார்கள். இருபது நாள் பார்க்க விடவில்லை. "பார்த்தால் மனசு மாறிவிடும், சிகிச்சை கெட்டுவிடும்" என்றார்கள். நம்பினேன். அங்கே இருபது நாளில் ஒரு டாக்டர்கூட அவன் கையைத் தொடவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. நடிக்கிறான் என்று சொல்லி முகத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மனநல மருத்துவர்

எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுதுவது, எந்த அளவில் எத்தனை நாள் என்று முடிவு செய்வது எல்லாம் இவர் பொறுப்பு. வெறும் குடிதானா, அதற்கு அடியில் மனச்சோர்வோ வேறு நோயோ இருக்கிறதா என்று பார்ப்பதும் இவர்தான். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

இவர் உங்களுக்குக் கொடுக்கும் நேரம் குறைவாகத்தான் இருக்கும், காலை ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம். அதற்குள் கேட்க வேண்டியதை முந்தின ராத்திரியே நோட்டில் எழுதி வையுங்கள். நான் கேட்டது: இந்த மாத்திரை எதற்கு, எப்போது நிறுத்துவீர்கள், இதற்கே பழகிவிடுவானா? மூன்றாவது கேள்விக்கு டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை நாளுக்கு நாள் குறைத்துச் சில நாளில் நிறுத்தப்படும் என்றும், வீட்டுக்குப் போன பிறகு அதைக் கடையில் வாங்கித் தொடர்ந்தால்தான் பழக்கமாகும் என்றும் விளக்கினார்.

ரகசியமாகச் சாப்பாட்டில் கலக்கும் மருந்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். "அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்" என்று ஊருக்கு ஊர் விளம்பரம் இருக்கிறது. எங்கள் அம்மாவும் ஒருவரிடம் பொட்டலம் வாங்கி ரசத்தில் போட்டார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கலாம். தெரிந்து, சம்மதித்து, கல்லீரலும் இதயமும் பரிசோதித்த பிறகு மருத்துவர் கொடுத்தால் அது நல்ல துணை. தெரியாமல் கலந்தால் விஷம். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நர்ஸ்: முதல் ஐந்து நாள்

யாருக்கு முதல் வணக்கம் என்று கேட்டால் நான் நர்ஸைச் சொல்வேன். டாக்டர் போன பிறகு மிச்சமிருக்கும் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் அவர்கள் கையில்தான்.

அவர்கள் செய்வது வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்ப்பார்கள். வேர்வை எப்படி, வயிற்றுப் பிரட்டல் உண்டா என்று கேட்பார்கள். அப்புறம், "அண்ணே, இது எந்த ஊரு? இன்னைக்கு என்ன கிழமை?" ஏதோ விளையாட்டுக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கும் கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு, கூட்டிப் பார்த்து மாத்திரை அளவை மாற்றலாமா என்று டாக்டருக்குச் சொல்வார்கள்.

தையமின் ஊசியையும் அவர்கள்தான் போடுவார்கள். வைட்டமின் பி1. வருடக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர் உடம்பில் அது இருக்காது. அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் முதலில் தையமின், அப்புறம் குளுக்கோஸ். "உடம்பு அசதியா இருக்கான், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று தெருமுனைக் கிளினிக்கில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடிக்கிறவர் விஷயத்தில் அதைச் செய்யும் முன், இவர் தினமும் குடிப்பவர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி. தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். வலது கை மேலே போய் எதையோ பிடித்து இழுத்தது, விட்டது, இழுத்தது. கால் இரண்டும் மாறி மாறி மிதித்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை, பேய் பிடித்தது போல இருந்தது. நைட் டியூட்டி நர்ஸ் வந்து பார்த்தார். "அக்கா, இவரு தறி நெய்யறவரா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழித்தறியில் உட்கார்ந்து நாடா ஓடுகிற கயிற்றை இழுக்கிறான், மிதியை மிதிக்கிறான். இல்லாத தறியில் லுங்கி நெய்துகொண்டிருந்தான். குடியை நிறுத்திய தடுமாற்றத்தில் தினம் செய்யும் தொழிலையே கை செய்யும் என்று பின்னால் சொன்னார்கள். அந்த நர்ஸ் அவனை அதட்டவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லி, "இது ஆஸ்பத்திரி, உங்க அக்கா இங்கதான் இருக்காங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டூட்டி டாக்டருக்குப் போன் செய்தார், ஊசி போட்டார், விடியும் வரை நான்கைந்து முறை வந்து பார்த்தார். முதல் இடத்தில் இது நடந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நர்ஸிடம் நீங்கள் கேட்க வேண்டியது: எதைப் பார்த்தால் உங்களை உடனே கூப்பிட வேண்டும்? இந்த ஒரு கேள்வி போதும், மிச்சத்தை அவர்களே சொல்லித் தருவார்கள். கூட இருக்கும் ஆள் நீங்கள் என்றால் தூங்கி எழுந்து மாறிக்கொள்ள இன்னொருவரை ஏற்பாடு செய்யுங்கள். முதல் மூன்று ராத்திரியும் நான் ஒருத்தியே இருந்தது தப்பு.

பேசுகிறவர்கள் மூன்று பேர்

நடுக்கம் நின்று, சாப்பாடு இறங்கி, தூக்கம் வர ஆரம்பித்ததும் "சரியாகிவிட்டான், கூட்டிப் போகலாம்" என்று வீட்டில் தோன்றும். அவரும் அதைத்தான் சொல்வார். உண்மையில் உடம்பிலிருந்து நஞ்சு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இனிமேல் வருகிறவர்கள்தான் அவரைக் கடைக்குப் போகாமல் திருப்பக் கற்றுத் தருவார்கள். மூன்று பேர் வருவார்கள், மூவரையும் நாம் "கவுன்சலிங் பண்றவங்க" என்று ஒரே பெயரில் கூப்பிடுவோம். வேலை வேறு வேறு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், மாத்திரை எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு செய்திருக்க வேண்டும். ஞாபக சக்தி, கவனம் எப்படி இருக்கிறது என்று சோதனை வைத்துப் பார்ப்பார். எந்த நேரத்தில், எந்த நினைப்பில், யாரோடு இருக்கும்போது குடிக்கத் தோன்றுகிறது என்று அவரையே கண்டுபிடிக்க வைப்பார். பசி, கோபம், தனிமை, அசதி என்ற நான்கையும் தம்பிக்கு விரல் விட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். குடிக்கத் தோன்றும்போது இந்த நான்கில் எது என்று பார்க்க வேண்டுமாம். பசி என்று தெரிந்தால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும்.

ஆலோசகர் தினமும் குழுவாக உட்கார வைத்துப் பேசுவார், தனியாகவும் பேசுவார். போதை மறுவாழ்வில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். ஒரு வாரப் பயிற்சியோடு வருகிறவர்களும் உண்டு, வருடக்கணக்கான அனுபவத்தோடு வருகிறவர்களும் உண்டு. அதட்டி, அவமானப்படுத்தி, "உன் பொண்டாட்டி பிள்ளையைப் பார், வெட்கமாக இல்லையா" என்று பேசுவதை நான் ஆலோசனை என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். அந்த வெட்கம் அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதை மறக்கத்தான் பாதி நாள் குடிக்கிறார்.

சமூகப் பணியாளர்தான் வீட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் நிற்பவர். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள், சிலர் அதற்கு மேல் மனநலச் சமூகப் பணியில் எம்.பில். முடித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் ஒருவரான சாந்தி ரங்கநாதனும் சமூகப் பணி படித்தவர்தான். கணவரைக் குடிநோயில் இழந்த பிறகு 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எங்கள் வார்டு சமூகப் பணியாளர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். தம்பிக்கு வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். மேஸ்திரி வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில் டாஸ்மாக் கடை. பல வருடமாக அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்ததில்லை. இவர் தம்பியிடம் பேசி, அவன் சம்மதத்தை வாங்கி, மேஸ்திரியையும் அவன் மனைவியையும் ஒரு நாள் வரச் சொன்னார். கூலியை அவன் மனைவி கையில் கொடுப்பது, முன்பணத்தை மாதம் இவ்வளவு என்று கழித்துக்கொள்வது, சனிக்கிழமை அவன் அந்தப் பக்கமே போகாமல் பகலிலேயே துணியை இறக்கிவிடுவது என்று பேசி முடித்தார்கள். இதற்கு மாத்திரை கிடையாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு சில்லறையாகப் பேச வேண்டியிருக்கிறது.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது கடன், வேலை, பிள்ளைகள் படிப்பு, வீட்டில் அடி உதை என்று டாக்டரிடம் சொல்லத் தயங்கும் எல்லாமும்தான். வீட்டில் பெண்ணோ பிள்ளையோ அடிபடுகிறார்கள் என்றால் மறைக்காதீர்கள், சிகிச்சை முடிந்து உங்கள் ஆள் வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்னாலேயே ஏற்பாடு தேவைப்படும்.

குடித்து மீண்டவர்

பல மையங்களில் முன்பு குடித்து, சிகிச்சை எடுத்து, நிறுத்தி, இப்போது அங்கேயே வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். சக வழிகாட்டி என்பார்கள், வார்டில் எல்லோரும் அவரை அண்ணன் என்பார்கள். இவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருந்தது. முதல் இடத்தில் தம்பியை அடித்தவரும் ஒரு காலத்தில் குடித்து நிறுத்தியவர்தான். "நான் இப்படித்தான் திருந்தினேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார். தான் பட்டதையே அடுத்தவருக்குக் கொடுத்தார்.

இரண்டாவது இடத்து அண்ணன் லாரி ஓட்டியவர். தம்பி டாக்டரிடம் "நான் எப்பவாவதுதான் குடிப்பேன் சார்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, டாக்டர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டிலை நான் ஸ்டெப்னி டயருக்குள்ள வைப்பேன், நீ எங்க வைப்ப?" என்று கேட்டிருக்கிறார். "தறிக்குழில" என்று இவன் சொல்லியிருக்கிறான். எட்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. படித்தவர்கள் யாராலும் அந்தக் கதவைத் திறந்திருக்க முடியாது.

ஆக, எங்கே பார்க்க வேண்டும்? குடித்து மீண்டவர் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பக்கத்தில் நின்று வேலை செய்தால் அவரைப் போல ஒரு பலம் கிடையாது. டாக்டரும் நர்ஸும் இல்லாத இடத்தில் அவர் மட்டும் சாவிக்கொத்தோடு இருந்தால் அங்கே ஆளை விடாதீர்கள்.

மற்றவர்கள்

வார்டு உதவியாளர், ஆயா, சமையல்காரர், வாட்ச்மேன், யோகா சொல்லித் தருபவர். பெயர் தெரிந்துகொள்ளுங்கள், வணக்கம் சொல்லுங்கள். பார்வையாளர் பையில் பாட்டில் வருகிறதா என்று கவனிப்பவர் வாட்ச்மேன்தான், அவர் உங்கள் பையைத் திறந்து பார்த்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். யோகா நல்லது, ஆனால் யோகாவும் கூட்டுப் பிரார்த்தனையும் மட்டுமே சிகிச்சை என்று சொல்லும் இடத்தில் யோசியுங்கள்.

குடி இல்லாமல் வலி மாத்திரை, ஊசி, தூக்க மாத்திரை என்று போகும் இளைஞர்களின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். அபின் வகைப் போதைக்கு ப்யூப்ரனார்பின் என்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில்கூடக் கொடுப்பார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். போதையைச் சில நாள் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்று போகும். இப்படிப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சேர்க்கும் படிவத்தை வாங்கிப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் சமூகப் பணியாளரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தானே சம்மதித்துச் சேர்ந்தவர் தானே வெளியே போகவும் கேட்கலாம். முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்றால், அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர் கேட்டு, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்த பிறகுதான் சேர்க்க முடியும். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கிடையாது. கட்டிப் போட்டுத் தூக்கிப் போக வண்டி அனுப்புவது இதில் எங்கேயும் வராது.

கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறது. சங்கிலி போடக் கூடாது. சம்பளம் இல்லாமல் மையத்து வேலையைச் செய்ய வைக்கக் கூடாது. தன் சொந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளலாம், வீட்டோடு பேசலாம். குறை இருந்தால் முதலில் பொறுப்பு மருத்துவரிடம், கேட்கவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம். தம்பியின் மொட்டைத் தலையை அன்று பார்த்தபோது, "ஒழுக்கத்துக்காக" என்று அவர்கள் சொன்னதை நானும் சரி என்று நினைத்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கட்டணத்தை எழுதி வாங்குங்கள். மருந்து, ரத்தப் பரிசோதனை, சாப்பாடு எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் நாள்

டிஸ்சார்ஜ் அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றை வாங்கி எழுதுங்கள்: அடுத்த ஓ.பி. நாள், எந்த மாத்திரை எத்தனை வேளை, நடுவில் குடித்துவிட்டால் யாருக்குப் போன் செய்வது. கடைசியைக் கேட்கவே அபசகுனம் என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். சமூகப் பணியாளர் அதைத்தான் முதலில் எழுதச் சொன்னார். மறுபடி குடிப்பது இந்த நோயில் நடக்கக்கூடிய ஒன்று. நடந்தால் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டைசல்பிராம் எழுதியிருந்தால் இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து எதிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்துதான் கொடுக்க வேண்டும்.

கயிறு கட்டுவதும் மாலை போடுவதும் நம் ஊர் வழக்கம். மாலை போட்டிருக்கும் நாளெல்லாம் சொட்டுக்கூடத் தொடாதவரை எனக்கும் தெரியும். கட்டட்டும், போடட்டும், நம்பிக்கைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். கூடவே மாத்திரையும் ஓ.பி.யும் நடக்க வேண்டும். மாலை கழற்றும் நாள் எது என்பதை மருத்துவரிடமும் சொல்லி, அந்த வாரத்தில் ஒரு தேதி வாங்கிவிடுங்கள்.

குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இங்கே தமிழிலேயே நடக்கிறது, காசு கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நான் அங்கே போனது தம்பிக்காக என்று நினைத்துக்கொண்டுதான். போன பிறகுதான் எட்டு வருடமாக நான் அழாமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு முறை சறுக்கினான். முதல் முறை எனக்கே நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதற்குள் மறுபடி கை நடுக்கம் வரை போய்விட்டான், வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை ஒரு சனிக்கிழமை, பாதி பாட்டிலோடு அவனே போனை எடுத்திருக்கிறான். எனக்கும் அடிக்கவில்லை, டாக்டருக்கும் அடிக்கவில்லை. லாரி ஓட்டிய அந்த அண்ணனுக்கு அடித்தான். அவர் பஸ் பிடித்துக் குடியாத்தம் வந்து, தறிக்குழி ஓரத்தில் அவனோடு உட்கார்ந்திருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஓ.பி. சீட்டு போடும் நேரத்துக்குச் சரியாக அவனைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனார்.